இரண்டு கார்ட் இருந்தும் புரொஜெக்டரில் படம் இல்லை

கேள்வி: உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என் லப்டொப்பில் இன்டெல், என்விடியா என்று இரண்டு கிராஃபிக்ஸ் கார்ட். அண்ணன் மகன் லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்தார். ஒரு வருசமாகப் பிரச்சினை இல்லை. போன மாதம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாகவே நின்றது. தெரிந்த ஒருவர் வந்து, மெஷினை எழுப்புகிற கிரப் (GRUB) என்ற புரோகிராமின் கோப்பில் ‘நோமோட்செட்’ (nomodeset) என்று சேர்த்துவிட்டார். இப்போது திரை வருகிறது, ஆனால் எழுத்து அகலமாக இழுபடுகிறது. புரொஜெக்டரைப் பூட்டினால் ஒன்றுமே தெரியவில்லை. கார்ட் பழுதா?
– ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கார்ட் பழுது மாதிரித் தெரியவில்லை, டீச்சர். யாராவது போர்டை மாற்றச் சொன்னால் உடனே காசு கொடுத்துவிடாதீர்கள்.

நோமோட்செட் போட்டால், மெஷின் எழும்பும்போது கிடைத்த சாதாரணத் திரை அமைப்போடேயே கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, ஓடும். என்விடியாவோடு சேர்த்து இன்டெல்லையும் அது கட்டிப்போட்டுவிடும். எழுத்து இழுபடுவது அதனால்தான். கறுப்புத் திரையைத் தாண்டி உள்ளே போக ஒரு தடவை பாவிக்கிற சொல் அது. அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

இனிப் புரொஜெக்டர். இந்த மாதிரிப் பல லப்டொப்புகளில் சொந்தத் திரையின் வயர் இன்டெல்லுக்குப் போகும், பக்கத்தில் இருக்கிற எச்டிஎம்ஐ போர்ட் என்விடியாவுக்குப் போகும். என்விடியா டிரைவர், அதாவது அந்தக் கார்டை இயக்குகிற புரோகிராம், எழும்பாவிட்டால் அந்த போர்ட்டில் உயிர் இல்லை. மூதூரில் இருந்து வந்த ஒரு மெஷினில் நான் இதை யோசிக்காமல் மூன்று கேபிள் மாற்றினேன். கடற்கரை வீடு, உப்புக் காற்றில் முனை பச்சை பிடித்திருக்கும் என்று போர்ட்டையும் துடைத்தேன். கடைசியில்தான் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ, ஓர் இடைவெளி, சிறு கோடு, கே (lspci -k) என்று அடித்தேன். என்விடியா என்ற வரிக்குக் கீழே எந்த டிரைவர் பாவனையில் இருக்கிறது என்று ஒரு வரி வர வேண்டும். அது இல்லை. மொடியூல்களின், அதாவது டிரைவர் கோப்புகளின், பெயர் மட்டும் இருந்தது. அதாவது டிரைவர் டிஸ்கில் கிடக்கிறது, கார்டைப் பிடிக்கவில்லை.

உங்கள் மெஷினிலும் முதலில் இதைப் பாருங்கள். அதே மாதிரி வந்தால் காரணம் பெரும்பாலும் செக்யூர் பூட், அதாவது மெஷின் நம்புகிற கையொப்பம் உள்ளதை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு. அப்டேட்டில் புதுக் கர்னல் வந்து, டிரைவர் அதற்காகத் திரும்பக் கட்டப்பட்டிருக்கும். மெஷின் நம்புகிற கையொப்பம் அதில் இல்லையென்றால் கர்னல் உள்ளே விடாது.

மின்டில் இருக்கிற டிரைவர் மேனேஜரில் அது பரிந்துரைக்கிற டிரைவரைத் திரும்பப் போடுங்கள். வழியில் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னால் சுலபமானதாக வைத்துக் கடதாசியில் எழுதுங்கள். ரீஸ்டார்ட் பண்ணியதும் நீலத் திரை ஒன்று வரும். பத்து விநாடிதான் நிற்கும், பக்கத்திலேயே இருங்கள். ஏதாவது ஒரு கீயை அழுத்தி, ‘என்ரோல் மொக்’ (Enroll MOK), ‘கன்டினியூ’, ‘யெஸ்’ என்று போய் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாதீர்கள். பத்து விநாடி தவறினால் மெஷின் பேசாமல் எழும்பிவிடும், வேலை நடந்திருக்காது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். பயாஸில் செக்யூர் பூட்டை ஒஃப் பண்ணினாலும் சரிவரும், ஆனால் அதே மெஷினில் வின்டோஸும் இருந்தால் டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் அதன் சாவியைக் கேட்கக்கூடும்.

டிரைவர் வரி வந்த பிறகு, சேர்த்த அதே கிரப் கோப்பில் நோமோட்செட்டை அழித்து, டெர்மினலில் சுடோ அப்டேட்-கிரப் (sudo update-grub) என்று ஓட்டி, ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

கார்டின் மொடலையும் பாருங்கள். 2012 அளவில் வந்த கெப்லர் வகை என்றால் 470 வரிசை டிரைவரோடு நின்றுவிட்டது, அதற்குப் புதியது ஒத்துவராது.

அடுத்த வகுப்புக்கு முதல் நாளே புரொஜெக்டரைப் பூட்டிப் பாருங்கள் டீச்சர். அப்போதும் வராவிட்டால் என்விடியா வரியையும் அதன் கீழே உள்ளவற்றையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.