'உள்ளது உள்ளபடி' வாங்கிய ஐஸ் பிளான்ட் மிஷின்: கொடுத்த பணம் திரும்ப வருமா?

கேள்வி: தொண்டிக்குப் பக்கத்தில் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. சின்னதாக ஐஸ் பிளான்ட் போட்டு நானே நடத்த நினைத்தேன். ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பிளான்ட்டின் கம்ப்ரசர், கண்டென்சர், கேன்கள் எல்லாவற்றையும் 7 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். 2 லட்சத்தை வங்கிக் கணக்கில் போட்டேன், 1 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன், அதற்கு ரசீது இல்லை. ஒப்பந்தத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருக்கிறது. 'ஓடுகிற நிலையில்தான் நிறுத்தினோம், கடன் எதுவும் இல்லை' என்று உரிமையாளர் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார். லாரியோடு போனால் கேட்டில் வங்கி நோட்டீஸ். மெக்கானிக் பார்த்ததில் கம்ப்ரசரும் ஜாம். 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்கிறார் உரிமையாளர். இரவோடு இரவாகக் கழற்றி ஏற்றிவிடலாம் என்கிறார் புரோக்கர். நான் என்ன செய்ய?

பதில்: புரோக்கர் சொல்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வங்கி நோட்டீஸ் ஒட்டிய இடத்திலிருந்து மிஷினைக் கழற்றினால், நாளைக்கு வரும் போலீஸ் புகாரில் உரிமையாளரோடு உங்கள் பெயரும் சேரும். இதுவரை நீங்கள் ஏமாந்தவர். அந்த நிலையை நீங்களே கெடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, பழைய பிளான்ட்டின் குழாயிலும் டேங்கிலும் குளிரூட்டப் பயன்படும் நச்சு வாயுவான அமோனியா தங்கியிருக்கலாம். இருட்டில் ஸ்பானரோடு போய்த் திறக்கிற காரியம் இல்லை அது.

மீதி 4 லட்சத்தையும் இப்போது கொடுக்காதீர்கள். அப்புறம் பகலில் போய் கேட்டில் உள்ள நோட்டீஸை எழுத்து தெரியும்படி போட்டோ எடுங்கள். உங்கள் வழக்கின் உயிரே அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. வங்கி சொத்தைக் கையகப்படுத்தி ஒட்டும் அறிவிப்பு என்றால், கடனைக் கட்டச் சொல்லி முதலில் எந்தத் தேதியில் கேட்பு நோட்டீஸ் கொடுத்தார்கள், எவ்வளவு தொகை என்பதும் அதில் இருக்கும். வாராக் கடனுக்காக வங்கி சொத்தைக் கையகப்படுத்த வழி செய்யும் சர்ஃபாசி சட்டம் 2002-இன் பிரிவு 13(13)-படி, அந்தக் கேட்பு நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, அதில் சொல்லியிருக்கும் ஈட்டுச் சொத்தை (கடனுக்கு அடமானமாக வைத்த சொத்தை) வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கடன் வாங்கியவர் விற்கக் கூடாது. நோட்டீஸ் நிலத்துக்கு மட்டும்தானா, மிஷினுக்கும் சேர்த்தா என்று வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கம்ப்ரசரின் பெயர்த் தகட்டில் உள்ள எண்ணையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். மிஷின் தரையோடு போல்ட் போட்டு நிற்பதால் நிலத்தோடு சேர்ந்ததுதான் என்றும் வங்கி வாதாடலாம்.

சரி, 'உள்ளது உள்ளபடி' என்ற வரிக்கு வருவோம். அது மிஷினின் நிலையைப் பற்றியது. 'விற்க எனக்கு உரிமை இருக்கிறது' என்பது வேறு விஷயம். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் பிரிவு 14, விற்பவருக்கு அந்த உரிமை இருக்க வேண்டும், மறைத்த கடன் பாத்தியதை எதுவும் பொருளின் மேல் இருக்கக் கூடாது என்கிறது. எழுதாவிட்டாலும் இவை ஒப்பந்தத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். கேட்பு நோட்டீஸ் உங்கள் ஒப்பந்தத்துக்கு முந்தைய தேதியில் இருந்தால், விற்கும் உரிமையே இல்லாமல் விற்றார், பொய் சொல்லி விற்றார் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். உங்கள் பக்கம் பலமான இடம் இதுதான்.

கம்ப்ரசர் ஜாம் ஆன விஷயத்தில் அவ்வளவு பலம் இல்லை. வேலைக்குத் தகுதியான பொருளாக இருக்க வேண்டும் என்ற அதே சட்டத்தின் பிரிவு 16(1), அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரைத்தான் கட்டுப்படுத்தும். இவர் ஐஸ் விற்றவர், மிஷின் வியாபாரி இல்லை. கடற்காற்றில் ஆறு வருடம் ஓடாமல் கிடந்த கம்ப்ரசர் இறுகியிருக்கும் என்பது யாரும் எதிர்பார்க்கக் கூடியது, வீலைக் கையால் சுற்றிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். 'ஓடுகிற நிலையில்' என்று அவர் வாயாலேயே சொன்ன அந்த வாட்ஸப் குரல்தான் இதற்குப் பதில். அதை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கோர்ட்டில் கொடுக்கும்போது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023-இன் பிரிவு 63-படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர்க்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையம் போகலாமா என்று நினைத்திருப்பீர்கள். வியாபாரத்துக்காக வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆக மாட்டார். ஒருவர் பிழைப்புக்காகத் தானே ஓட்ட மிஷின் வாங்கினால், உதவிக்கு ஓரிரு ஆள் வைத்தாலும் அவர் நுகர்வோர்தான் என்று லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தடை உங்களுக்கு இல்லை. ஆனால் அங்கே புகார் நிற்க விற்றவரை 'வியாபாரி' என்று காட்ட வேண்டும்; தன் பழைய மிஷினை ஒரு தடவை விற்றவரை அப்படிக் காட்டுவது கஷ்டம். உங்களுக்கு சிவில் கோர்ட்தான் சரி. வழக்குப் போடக் கால வரம்பு 3 வருடம் என்றாலும் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த வாரமே ஒரு வக்கீல் மூலம் ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு, உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்த 1 லட்சத்தை எந்தத் தேதியில், யார் முன்னிலையில் கொடுத்தீர்கள் என்று அதில் கட்டாயம் எழுத வேண்டும். அவர் மறுக்காமல் பதில் போட்டால் அதுவே உங்களுக்குச் சாட்சியாக உதவும்.

இதெல்லாம் தெரிந்தும் அந்த மிஷின்தான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. விலையைக் குறைத்துப் பேசுங்கள். மீதிப் பணத்தை உரிமையாளர் கையில் கொடுக்காமல் அவருடைய கடன் கணக்கிலேயே கட்டுவதாக வங்கியிடம் சொல்லுங்கள். இன்னின்ன மிஷினை எடுத்துப்போக ஆட்சேபம் இல்லை என்று எண்ணோடு கடிதம் கொடுத்தால் மட்டும் பணம் கட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, அது முடிந்து போட்டுகள் இறங்குவதற்குள் பிளான்ட் ஓட வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இருக்கும். எவ்வளவு அவசரமானாலும் கடிதம் கைக்கு வராமல் லாரியைக் கூப்பிடாதீர்கள்.