வாசகர் கேள்வி: கழற்றியதற்கும் விலையா?

கேள்வி: சில நிறுவனங்கள் தங்கள் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து பின் இருக்கை, தரைவிரிப்பு, ஒலித்தடுப்பு ஆகியவற்றை நீக்கிவிட்டு, பந்தயத் தடத்துக்கான எடைகுறைந்த சிறப்புப் பதிப்பு என்று கூறிக் கூடுதல் விலை கேட்கின்றன. இல்லாத பொருளுக்கு எதற்காகப் பணம் தர வேண்டும்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நியாயமான கேள்வி. இவ்வகைக் கார்களின் முன்னோடிகளுள் ஒன்றான போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 விற்பனைக்கு வந்தபோது கணக்கு வேறாக இருந்தது. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான அதன் அடிப்படை விலை 34,000 ஜெர்மன் மார்க். எடை குறைத்த ஸ்போர்ட் வகையை விரும்பியவர்கள் அதற்கு மேல் 700 மார்க் செலுத்தினார்கள். வழக்கமான வசதிகளுடன் டூரிங் வகையை விரும்பியவர்களோ 2,500 மார்க் செலுத்த வேண்டியிருந்தது. அன்று சொகுசுக்குத்தான் அதிக விலை.

குரூப் 4 பந்தயப் பிரிவில் நுழைய 500 கார்களையாவது தயாரிக்க வேண்டும் என்ற விதிக்காகவே இந்தக் கார் பிறந்தது. ஆனால் வாங்குவோர் முந்திக்கொண்டு வந்ததால் மொத்தம் 1,580 கார்கள் தயாராயின. அவற்றுள் ஸ்போர்ட் வகை 200 மட்டுமே. அதன் கதவைத் திறந்து பார்த்தால் எடைக்குறைப்பு எவ்வளவு நுணுக்கமாக நடந்திருக்கிறது என்பது புரியும். கதவின் உட்புறத்தில் கைதாங்கி கிடையாது, பிடித்து இழுக்க ஒரு வார் மட்டும்தான். பின் இருக்கையும் கடிகாரமும் இல்லை. தகடும் கண்ணாடியும் வழக்கத்தைவிட மெல்லியவை. முன்மூடியில் உலோகச் சின்னத்துக்குப் பதிலாக ஒரு ஸ்டிக்கர்தான் ஒட்டப்பட்டிருந்தது. இப்படிக் கிராம் கிராமாகக் கழித்து 960 கிலோவுக்கு இறக்கினார்கள். டூரிங் வகையின் எடை 1,075 கிலோ.

இந்த 115 கிலோவின் மதிப்பை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் இருந்தது 210 குதிரைத்திறன் கொண்ட அதே எஞ்சின்தான். எடைக்கு ஏற்ற திறனில் டூரிங் வகை ஸ்போர்ட் வகையை எட்ட வேண்டுமானால் அதற்கு ஏறத்தாழ 235 குதிரைத்திறன் தேவைப்படும். எஞ்சினைப் பெரிதாக்கினால் நேர்ச்சாலையில் மட்டுமே பயன். எடையைக் குறைத்தாலோ முடுக்கத்தோடு பிரேக்குக்கும் வளைவுக்கும் சேர்த்தே பலன் கிடைக்கிறது, ஏனென்றால் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றலும், வளைவில் டயர் தாங்க வேண்டிய பக்கவிசையும் எடையோடு சேர்ந்தே குறைகின்றன. சுற்றுக்குச் சுற்று பிரேக் சூடேறும் பந்தயத் தடத்தில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பேன்.

இன்றைய கூடுதல் விலைக்குக் காரணம் கழற்றிய பொருள் அன்று, அதன் இடத்தில் வைத்த பொருள்தான். கார்பன் இழையில் செய்த கூரையும் மக்னீசியச் சக்கரமும் எஃகையும் அலுமினியத்தையும்விடப் பல மடங்கு செலவு பிடிப்பவை. குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கும்போது ஒவ்வொன்றின் மீதும் விழும் செலவு இன்னும் ஏறுகிறது. ஆகவே வாங்கும் முன் இரு வகைகளின் எடையையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வேறுபாடு பத்துப் பதினைந்து கிலோதான் என்றால், நீங்கள் பணம் தருவது பெரும்பாலும் பெயர்ப்பலகைக்குத்தான்.

கேள்வி: அந்தக் காரின் பின்புறம் மேல்நோக்கி வளைந்திருப்பது அழகுக்காகவா? (வாசகி, மதுரை)

பதில்: இல்லை. 911 காரின் கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்குவதால், அதிவேகத்தில் அதன்மேல் ஓடும் காற்று பின்பகுதியைத் தூக்கப் பார்க்கும்; பின் டயர்களின் பிடிமானம் தளரும். வாத்துவால் என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த வளைவு காற்றை மேல்நோக்கித் திருப்பி இந்தத் தூக்கலைக் குறைத்தது. 1973 பிப்ரவரியில் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் பீட்டர் கிரெக்கும் ஹர்லி ஹேவுட்டும் ஓட்டி வென்ற கரேரா ஆர்எஸ்ஆர், இந்தச் சாலைக் காரிலிருந்து உருவானதுதான். வாத்துவால் அதிலும் இருந்தது.