நில உபயோக மாற்றத்துக்கு முன் போக்குவரத்தையும் சுற்றுச்சூழலையும் உண்மையிலேயே ஆராய்கிறார்களா?

‘எங்கள் தெருவில் ஒரு மனையைக் குடியிருப்பிலிருந்து வணிக உபயோகத்துக்கு மாற்றப்போவதாக நாளிதழில் விளம்பரம் வந்திருக்கிறது, போக்குவரத்து, சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராய்ந்துதான் முடிவெடுப்பார்களா, ஆட்சேபம் எழுதிப் பயன் உண்டா’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரராகத்தான் இருப்பீர்கள். விளம்பரத்தையும் கெடு முடிய நான்கைந்து நாள் இருக்கும்போதுதான் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஆராய்வார்கள் என்பதே என் பதில். ஆனால் மேசைமேல் எந்தக் காகிதம் இருக்கிறதோ அதைத்தான் ஆராய்வார்கள்.

முதலில் சட்டம். சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. எந்த மனை குடியிருப்பு, எது வணிகம், எது தொழிற்சாலை என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டவை. ஒரு மனைக்காக அதை மாற்றுவதென்றால், 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 32(4) பிரிவின்கீழ் அந்தத் திட்டத்தையே திருத்துவதாகும். அதனால்தான் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் செய்கிறார்கள். சுற்றுச்சூழல் அனுமதி என்று தனியாக ஒன்று வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, கட்டடங்களுக்கு அந்த அனுமதி 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பிலிருந்துதான் தேவைப்படுகிறது. அதற்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு இருக்கிறது. ஒரே தெருவில் பத்து மனைகள் தனித்தனியாக வணிக மனைகளானால், பத்தையும் சேர்த்துப் பார்க்கும் கட்டாயம் அந்த அறிவிக்கையில் இல்லை. இது எனக்கு நெடுநாள் ஆற்றாமை.

இனி எங்கள் கதை. தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலை எனும் டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியதும், இங்கே வேப்பமரமும் கிணறுமாகக் கிடந்த மனைகளுக்கெல்லாம் திடீரென்று விலை வந்தது. அப்படிப்பட்ட ஒரு மூலை மனைக்குத்தான் வணிக மாற்றம் கேட்டிருந்தார்கள். விண்ணப்பத்தோடு இணைத்திருந்த போக்குவரத்து ஆய்வறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். (அது கைக்கு வருவதற்குள் கெடு முடிந்துவிடும் என்பதால், சுருக்கமான ஓர் ஆட்சேபத்தை முன்னதாகவே கொடுத்து ஒப்புகை பெற்றிருந்தோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.) வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு இருந்த அந்த அறிக்கை, தெருவில் கூடுதல் வண்டிகளுக்குத் தாராளமாக இடமிருக்கிறது என்று முடிந்திருந்தது.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக முப்பத்தொரு ஆண்டுகள் மூட்டையும் பெட்டியும் எண்ணிப் பிழைத்தவன். எண்ணிக்கை என்றால் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். 2024 ஜனவரி 17, புதன்கிழமை, காலை 9 முதல் 12 வரை என்று போட்டிருந்தது. வார நடுவில் வரும் சாதாரண நாள் போலத்தான் தோன்றும். அந்த ஆண்டு பொங்கல் 15ஆம் தேதி. ஆகவே 17 என்பது காணும் பொங்கல். வடசென்னையில் பாதிப் பேர் கடற்கரைக்குக் கிளம்பும் நாளில், லாரிகள் ஓய்ந்திருந்த தெருவில் நின்று எண்ணியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அறிக்கை தயாரித்த ஆலோசனை நிறுவனம் வெளியூராகவும் இருக்கலாம்.

நேரமும் பொருந்தவில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து வண்டிகள் கிளம்பும் விடியற்காலைதான் எங்கள் தெருவுக்கு நெரிசல் நேரம். ஆகவே ஒரு திங்கட்கிழமையும் ஒரு சனிக்கிழமையும் காலை 5 மணி முதல் 8 மணி வரை, அடிபம்புக்கு எதிரே இருக்கும் திண்ணையில் உட்கார்ந்து நாங்களே எண்ணினோம். பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் கட்டம் போட்டு, நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக நான் இழுத்துக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டுப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “அண்ணே, மீன்பாடி வண்டிய எந்தக் கட்டத்துல போட்றது?”

நியாயமான கேள்வி. அறிக்கையில் கார், பைக், ஆட்டோ, பேருந்து, லாரி ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. மீன் ஏற்றிப்போகும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்கு இல்லை. இந்தியச் சாலைகள் பேராயத்தின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டி ஒரு காரை 1 என்று கொண்டு, பைக்குக்குக் குறைந்தது 0.5, சைக்கிள் ரிக்‌ஷாவுக்குக் குறைந்தது 1.5 என்று கணக்கிடச் சொல்கிறது. அதாவது மெதுவாகப் போகும் மூன்று சக்கர வண்டி காரைவிட அதிக இடத்தை அடைக்கும். எங்கள் சனிக்கிழமைக் கணக்கில் மீன்பாடி மட்டும் 63, குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டி 48, தண்ணீர் லாரி 5. தெருவின் அகலம் 12 மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் நிற்கும் இடத்தில் நாடா பிடித்தபோது 8 மீட்டர் 60 சென்டிமீட்டர்தான் இருந்தது.

சுற்றுச்சூழலுக்கு அந்த அறிக்கையில் ஒரே ஒரு பத்தி, ‘மழைநீர் சேகரிப்பு அமைக்கப்படும்’ என்று. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக இருப்பதைச் சலுகைபோல் எழுதியிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருத் தண்ணீரில் பெரும்பகுதி அந்த மூலை மனையின் மண் தரையில்தான் போய் நின்றது. அப்படியிருந்தும் என் வீட்டில் மூன்றாம் படி மூழ்கியது. எங்கள் எண்ணிக்கையோடு படிக்கட்டின் புகைப்படத்தையும் இணைத்து இரண்டாவது மனுவாகக் கொடுத்தோம்.

கடை வந்தால் பத்துப் பேருக்கு வேலை கிடைக்கும், கிழவர்கள் குறுக்கே நிற்கிறார்கள் என்று இங்கேயும் யாராவது எழுதுவார்கள். எம்.சி. ரோட்டில் துணி எடுத்து வளர்ந்தவன் நான். கடைக்கு விரோதி அல்லன். ஆனால் நெரிசல் தாங்காமல் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தையை 1996இல் கோயம்பேட்டுக்குப் பெயர்த்த ஊர் இது. சரக்கு வண்டிகளால் ஒரு தெரு என்ன ஆகும் என்பது எங்கள் கற்பனை அல்ல.

முடிவைக் கேட்பீர்கள். மாற்றத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் நுழைவாயில் டி.எச். ரோட்டுப் பக்கமே இருக்கவேண்டும், சரக்கை வளாகத்துக்குள்தான் இறக்கவேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தன. எங்கள் எண்ணிக்கைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், ஆயினும் இரண்டுமே எங்கள் இரண்டாவது மனுவில் கேட்டவை. தெருவைப் போக்குவரத்து பாதிக்கும் என்று பொதுவாக எழுதி நாற்பது பேர் கையெழுத்திட்ட எங்கள் முதல் மனுவில் இவை இல்லை. அந்த மனுவை எழுதியவனும் நான்தான்.

எங்கள் தெருப் பக்கம் உள்ள சிறிய கேட்டை அவசரத்துக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். சென்ற தீபாவளிக்கு முந்தின வாரத்தில் சரக்கு இறக்குவதற்காக அது ஏழு முறை திறக்கப்பட்டது. தேதியும் நேரமும் வண்டி எண்ணும் நாள்காட்டித் தாளில் இருக்கின்றன.