ஜோனி மிட்செலின் இடது கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாடகி ஜோனி மிட்செலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய 'ப்ளூ' ஆல்பத்தைக் கேட்டேன். கிடார் பழகுகிறேன். இணையத்தில் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) எடுத்து வாசித்துப் பார்த்தால் அந்த ஒலி வரவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று, பிற்காலத்தில் அவர் குரல் ரொம்ப இறங்கிவிட்டது. கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் விரலில் தவறில்லை. கம்பிகளின் சுருதியே வேறு. கனடாக்காரரான ஜோனிக்கு ஒன்பது வயதில் போலியோ வந்தது. எழுந்து நடந்துவிட்டார், ஆனால் இடது கையில் பலம் குறைந்துபோனது. கிடாரில் கார்ட்ஸ் பிடிப்பது அந்தக் கைதான். விரலை விரித்து அழுத்துவது சிரமம் என்பதால், சும்மா மீட்டினாலே ஒரு கார்ட் ஒலிக்கும்படி கம்பிகளைத் திருகி வைத்துக்கொண்டார். அப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதிகள்!

இன்று இதைச் செய்து பாருங்கள். முதல் கம்பியையும் ஆறாவதையும் இ என்ற சுரத்திலிருந்து டி-க்கு இறக்குங்கள். இரண்டாவதை ஏ-க்கு, மூன்றாவதை எஃப் ஷார்ப்புக்கு. இடது கையை எடுத்துவிட்டு மீட்டுங்கள். அறையே நிறையும். (1971இல் வந்த 'ப்ளூ'வில் சில பாட்டுகளில் அவர் வாசிப்பது கிடாரே இல்லை, மடியில் வைத்து மீட்டும் டல்சிமர் என்ற கம்பி வாத்தியம். அதையும் கிடாரில் தேடியிருப்பீர்கள்.)

அப்புறம் குரல். சிறுவயதிலிருந்தே சிகரெட் பிடித்தவர், குரல் இறங்கத்தான் செய்தது. ஆனால் 'போத் சைட்ஸ் நவ்' பாட்டை 1969 பதிவிலும் 2000இல் ஆர்கெஸ்ட்ராவோடு பாடிய பதிவிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வாழ்க்கையை இரு பக்கமும் பார்த்தாயிற்று என்று இருபத்து மூன்று வயதில் எழுதிய பெண்ணை எனக்குப் பிடிக்கும். ஐம்பத்தாறு வயதில் அதையே தாழ்ந்த குரலில் சொல்பவரைத்தான் நான் நம்புகிறேன். அந்தப் பதிவை ஒருமுறைகூடக் கண் கலங்காமல் கேட்டதில்லை.

2015இல் மூளையில் ரத்தக்குழாய் வீங்கி வெடித்தது. நடை, பேச்சு எல்லாமே போய், திரும்பக் கற்க வேண்டியதாயிற்று. கிடாரையும்தான். கம்பியில் விரலை எங்கே வைப்பது என்று தன்னுடைய பழைய வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றாராம். 2022 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் இசை விழா மேடையில், 78 வயதில், தன் பழைய பாட்டு ஒன்றைப் பாடாமல் மின்கிடாரில் வாசித்தார். வீடியோ இருக்கிறது. பார்க்கும்போது அந்த இடது கையை மட்டும் பாருங்கள்.