வாஷிங்டன் யாருடைய பெயர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் நியூகாசிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்தில் வாஷிங்டன் என்று ஓர் ஊர். அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் வாழ்ந்த வீட்டைக் காட்டினார்கள். அதே குடும்பப் பெயர் கொண்ட மாப்பிள்ளையின் நண்பர், ‘இது என் பாட்டன் வீடு’ என்றபோது பொறாமையாக இருந்தது. நமக்கு ஏன் இந்த வம்ச உணர்வு இல்லை? அதிபரின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஊர்தான் மூத்தது. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் டி ஹார்ட்பர்ன் என்பவர் டர்ஹம் பிஷப்பிடம் தன் நிலத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்த ஊரை வாங்கிக்கொண்டு குடிவந்தார். ஊர் மாறியதும் அவர் பெயரும் புது ஊரின் பெயராக மாறியது. அன்றைக்கு அது வெறும் விலாசம். அதில் எங்கே வந்தது ரத்தம்?

நமக்கு வம்ச உணர்வு இல்லையாம்! தேவைக்கு மேலேயே இருக்கிறது, விடுங்கள்.

அந்த வீடு 1613இலேயே வில்லியமின் வழிவந்தவர்களிடமிருந்து கைமாறிவிட்டது. நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி அதற்குப் பிறகு கட்டியது. 19ஆம் நூற்றாண்டில் ஒன்பது குடும்பங்கள் வரை அதில் ஒண்டுக்குடித்தனம் இருந்தன. 1936இல், மனிதர் வசிக்க லாயக்கில்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் போராடித்தான் இடிக்காமல் காப்பாற்றினார்கள். மாடியில் அந்தக் குடித்தனக்காரர்களின் அறையைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நான் போயிருந்தபோது அங்கே ஒருவருமில்லை. எல்லோரும் கீழே கூடத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. ‘என் பாட்டன் வீடு’ என்று சொல்ல அந்த ஒன்பது குடும்பத்துப் பேரப்பிள்ளைகளுக்கு உரிமை இல்லையா?

இன்னொன்றும் கேளுங்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருடன் சுமார் 1,63,000 பேர் இருந்தார்கள். அவர்களில் 90 சதவீதம் கறுப்பினத்தவர். அடிமையாகப் பிறந்த புக்கர் என்ற சிறுவன் விடுதலைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போனான். ஆஜர் எடுக்கும்போது மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர், அவனுக்கு ஒன்றுதான். தன் முறை வந்ததும் நிதானமாக ‘புக்கர் வாஷிங்டன்’ என்றான். வாஷிங்டன் என்பது அவனுடைய மாற்றாந்தந்தையின் முதல் பெயர். பின்னாளில் கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கீகீ கல்லூரியை வளர்த்தெடுத்த புக்கர் டி. வாஷிங்டன் அவர்தான். எந்தப் பிஷப்பும் எந்த நிலமும் கொடுக்காத பெயர் அது.

அந்த நண்பர் மேல் எனக்குக் கோபமில்லை. பொறாமைப்பட்ட உங்கள் மேல்தான். அடுத்த முறை போனால் மகளையும் கூட்டிக்கொண்டு மாடியேறுங்கள்.