அடக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை

சர்க்கரை நோய் பற்றிக் கேட்பவர்கள் ஊர், தெரு, கதவு எண் வரை எழுதுவார்கள். பேதி, மலக்கசிவு பற்றிய இந்த வாரக் கடிதங்களில் எல்லோரும் ஒரே வரியைத்தான் முதலில் எழுதியிருக்கிறார்கள்: "பெயர் போட வேண்டாம்." போடவில்லை. வயதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

வயது 34. காலையில் காப்பி குடித்ததும் ஒருமுறை, குளித்ததும் ஒருமுறை, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒருமுறை. வயிறு முறுக்குகிறது, போய்விட்டு வந்தால் வலி விடுகிறது. இரண்டு வருடமாக இதே கதை. பரிசோதனைகளில் கோளாறு இல்லை. அமீபா என்று நான்கு தடவை மாத்திரை சாப்பிட்டாயிற்று. எதைச் சாப்பிடலாம்?

ஐந்தாவது தடவை அந்த மாத்திரை வேண்டாம். மலத்தைச் சோதித்து அமீபாவைக் கண்டால் ஒழிய அதற்கு வேலை இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி, அது மலம் கழிப்பதோடு சேர்ந்து கூடுவது அல்லது குறைவது, எத்தனை முறை என்பதிலும் மலத்தின் பதத்திலும் மாற்றம், இவை மூன்று மாதமாகத் தொடர்வது: நீங்கள் எழுதியிருப்பது ஐ.பி.எஸ். என்னும் எரிச்சல் குடல் நோயின் இலக்கணத்தோடு பொருந்துகிறது.

இரைப்பையில் ஏதாவது விழுந்தால் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும். இது எல்லோருக்கும் உள்ளதுதான், காலையில் கொஞ்சம் வேகமாகவே நடக்கும். உங்கள் குடல் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. காப்பி அதை மேலும் தூண்டும். காப்பியில் ஊற்றுகிற பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. ஆகவே முதலில் எதையும் விடாமல், அரைமணி நேரம் முன்னதாக எழுந்து பாருங்கள். கிளம்பும் அவசரமும் குடலின் அவசரமும் ஒரே நேரத்தில் வந்து முட்டுவதுதான் பாதித் தொல்லை.

உணவுக்கு வருவோம். சில வகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல், தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய், அங்கே புளித்து வாயுவாகின்றன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இவற்றுக்கு 'ஃபாட்மேப்' என்று பெயர் வைத்து, அவற்றைக் குறைக்கும் உணவுமுறையை வகுத்தார்கள். நம் சமையலறையில் அவை வெங்காயம், பூண்டு, கோதுமை, சுண்டல் கடலை, ராஜ்மா, பால், மாம்பழம், தர்ப்பூசணி, காலிஃபிளவர், காளான், முந்திரி. நம் அதிர்ஷ்டம், அரிசி இதில் இல்லை. இடியாப்பம், சாதம், கத்தரிக்காய், கேரட், முட்டை, மீன் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. இட்லியும் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

பூண்டு இல்லாமல் ரசமா என்று கேட்பீர்கள். நாலு பல்லை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே தாளியுங்கள். தொல்லை தருகிற பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. மணம் மட்டும் எண்ணெயில் இறங்கும். அதே பூண்டை ரசத்தில் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டுப் பிறகு பொறுக்கி எடுத்தால் பயன் இல்லை. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் போதும்.

இந்தப் பத்தியம் இரண்டிலிருந்து ஆறு வாரம் வரைதான். பிறகு ஒவ்வொன்றாக, மூன்று நாளுக்கு ஒரு பொருள் வீதம், திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியை யாரும் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம். வெங்காயம் மட்டுமே காரணமாக இருக்க, வருடக்கணக்கில் பாலையும் பருப்பையும் சேர்த்து விலக்கி இளைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். 'சுகர் ஃப்ரீ' மிட்டாய், சூயிங்கம் பழக்கம் உண்டா? அவற்றில் உள்ள சார்பிட்டால் என்னும் இனிப்புப் பொருளே பேதிக்குப் போதும்.

வயது 61. முதல் பிரசவத்தில் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு வருடமாக வேகமாக நடந்தால் மலம் கசிகிறது. கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டேன். வயதானால் இப்படித்தானா?

இல்லை. என்னிடம் மூட்டுவலிக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா, எப்போதும் ஒரு மஞ்சள் பையை மடியிலேயே வைத்திருப்பார். ஒருநாள் கிளம்பி வாசல்வரை போனவர் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, பையைத் திறந்து காட்டினார். மடித்த பாவாடை ஒன்று, ஈரத்துணி ஒன்று, பிளாஸ்டிக் உறை ஒன்று. ஒன்பது வருடமாக அந்தப் பை இல்லாமல் அவர் வெளியே போனதில்லை. அன்றைக்கும் முட்டிக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுத்திருந்தேன்.

பிரசவத்தில் ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை கிழிந்திருந்தாலும் இளமையில் மற்றத் தசைகள் ஈடுகொடுத்துவிடும். மாதவிடாய் நின்றபின் அவை தளரும்போதுதான் பழைய காயம் தெரியவரும். உங்கள் கதை அதுவாக இருக்கலாம். விரலால் செய்யும் எளிய பரிசோதனையும், தேவைப்பட்டால் ஆசனவாய் ஸ்கேனும் சொல்லிவிடும்.

அதுவரை, பதத்தைச் சரிசெய்யுங்கள். கூழாக இருப்பதை அடக்குவது கடினம், வாழைப்பழம் போல் உருவாக இருந்தால் பலவீனமான தசையும் பிடித்துக்கொள்ளும். இசப்கோல் உமி தினமும் ஒரு தேக்கரண்டி, தண்ணீரில் நன்றாகக் கலந்து. (மலச்சிக்கலுக்கு அல்லவா அது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது நீரைப் பிடித்து வைக்கும் பசை. இறுகியதை இளக்கும், நீர்த்ததைக் கெட்டியாக்கும்.) காலை உணவுக்குப் பின் கால்மணி நேரம் கழித்துக் கழிவறையில் உட்காருங்கள். குடல் காலியாக இருந்தால் நடையில் கசிய ஒன்றும் இருக்காது.

பயிற்சி: வாயு பிரிவதை அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளிழுத்து, ஐந்து விநாடி பிடித்து, விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தொடையும் புட்டமும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. மூன்று மாதமாவது செய்தால்தான் பலன் தெரியும்.

சானிட்டரி நாப்கின் நீரை உறிஞ்சும், மலத்தை உறிஞ்சாது. கொஞ்சமாகக் கசிபவர்களுக்கு, சிறு பஞ்சுத்துண்டை மடித்து ஆசனவாயை ஒட்டி வைப்பது அதைவிட நல்லது. நீண்ட பயணத்துக்கு உள்ளாடை போல் காலை நுழைத்து அணியும் டயப்பர் உண்டு. கோயிலுக்குப் போங்கள்.

அப்பாவுக்கு 81, படுக்கையில் இருக்கிறார். ஒரு வாரமாகத் தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. பேதியை நிறுத்த மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. டயப்பர் போட்ட இடம் வெந்து போயிருக்கிறது.

பேதியை நிறுத்தும் மாத்திரையை உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் இது பேதியே அல்ல. கீழே கல்லாக இறுகி அடைத்துக்கொண்டிருக்கும் மலத்தின் ஓரமாக, மேலிருந்து வரும் நீர் கசிகிறது. வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் முதியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். ஒரு மருத்துவரோ செவிலியரோ விரல் விட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடைப்பு என்றால் எனிமா. இன்றைக்கே காட்டுங்கள். வயிறு உப்பி வாந்தியும் எடுத்தால் நேரே மருத்துவமனைக்கு.

தோலுக்கு: டெட்டால் வேண்டாம், சோப்பு வேண்டாம், முகப்பவுடர் வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் மென்துணியால் ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பு அல்லது பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். அப்பிவிட்டால் டயப்பர் உறிஞ்சாது. மலம் பட்ட டயப்பரை 'இன்னும் ஒருமுறை போகட்டும்' என்று விட்டுவைக்காதீர்கள். விலை எனக்கும் தெரியும், ஆனால் புண் வந்தால் அதைவிடச் செலவு.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை மாற்றியதிலிருந்து பேதி. ஐ.பி.எஸ். வந்துவிட்டதா?

புதிய மாத்திரை மெட்ஃபார்மினா என்று பாருங்கள். பேதி அதன் பழகிய பக்கவிளைவு. மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இது புற்றுநோயாக மாறுமா?

ஐ.பி.எஸ். மாறாது. ஆனால் மலத்தில் இரத்தம், எடை குறைதல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் அதை ஐ.பி.எஸ். என்று நீங்களே முடிவு கட்டக் கூடாது.

எனக்கும் ஐ.பி.எஸ்.தான். அடுத்த மாதம் தங்கை கல்யாணம், முகூர்த்தம் முடியும்வரை மேடையில் நிற்க வேண்டும். நினைத்தாலே வயிறு கலக்குகிறது.

நினைத்தாலே கலக்குவதும் இந்த நோயில் சேர்த்திதான். மூளைக்கும் குடலுக்கும் இடையில் பேச்சு ஓய்வதே இல்லை. முந்தின இரவு இட்லியோடு நிறுத்துங்கள். காலைக் காப்பி மேடையிலிருந்து இறங்கிய பிறகு. மண்டபத்தில் கழிவறை எங்கே என்று முதல் நாளே பார்த்து வைத்துவிட்டால் பாதிப் பயம் போகும். பந்தியில் வெங்காய சாம்பாரைத் தள்ளிவிட்டு, பாயசத்தை ஒரு கரண்டியோடு விடுங்கள்.

காய்ச்சலோ இரத்தப்போக்கோ இல்லையென்றால், உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கிளம்புவதற்கு முன் பேதியை நிறுத்தும் லோபெரமைட் 2 மி.கி. மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் கல்யாணத்தன்று முதல்முறையாக அல்ல. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிலருக்கு அது இரண்டு நாள் கட்டிவிடும்.