கடைக் கணக்கில் எக்ஸ்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு. சமன்பாடாகக் கொடுத்தால் போட்டுவிடுகிறாள். ‘கடைக்குப் போனான், வாங்கினான்’ என்று கதையாக வந்தால் முழிக்கிறாள்.

பதில்: அவள் நோட்டில் முதல் வரியைப் பாருங்கள். ‘எக்ஸ் = பேனா’ என்று இருந்தால் சிக்கல் அங்கேதான். எக்ஸ் பொருள் இல்லை, எண். ‘எக்ஸ் = ஒரு பேனாவின் விலை, ரூபாயில்’ என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். 3 பேனாவும் 40 ரூபாய் விலையுள்ள நோட்டுப் புத்தகம் ஒன்றும் வாங்கி 100 ரூபாய் கொடுத்தான், மீதி 24 வந்தது என்று வைத்துக்கொள்வோம். மீதியைக் கூட்டுவதா கழிப்பதா என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள். கொடுத்த 100 எங்கெல்லாம் போனது என்று கேளுங்கள், சமன்பாடு வந்துவிடும்: 3எக்ஸ் + 40 + 24 = 100. பேனா 12 ரூபாய்.

கேள்வி: 20 சதவீதத் தள்ளுபடி போக 960 கட்டினேன். 960க்கு 20 சதவீதம் கூட்டினால் 1,152தான். பழைய விலை 1,200 என்கிறார் கடைக்காரர். ஏமாற்றா?

பதில்: இல்லை, அவர் சொல்வது சரி. தள்ளுபடி பழைய விலையில் கழிந்தது, நீங்கள் புது விலையில் கூட்டுகிறீர்கள். பழைய விலை எக்ஸ் என்றால் 0.8எக்ஸ் = 960. வகுத்தால் 1,200.

கேள்வி: இரண்டு பொருளின் விலையும் தெரியாவிட்டால்?

பதில்: அப்போது இரண்டு செய்தி வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த கணக்கு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் மகாவீராச்சாரியார் எழுதிய கணித சார சங்கிரகத்தில் இருக்கிறது: 9 நார்த்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து 107, 7 நார்த்தம்பழமும் 9 விளாம்பழமும் 101. தனித்தனி விலை என்ன?

நார்த்தையின் விலை ந, விளாம்பழத்தின் விலை வி.
9ந + 7வி = 107
7ந + 9வி = 101

பள்ளியில் சொல்லித்தந்தபடி 9ஆலும் 7ஆலும் பெருக்கி ஒன்றை நீக்கலாம். ஆனால் 9ம் 7ம் இடம் மாறித்தானே நிற்கின்றன? சும்மா கூட்டுங்கள்: 16ந + 16வி = 208, அதாவது ந + வி = 13. அப்புறம் கழியுங்கள்: 2ந − 2வி = 6, ந − வி = 3. நார்த்தை 8, விளாம்பழம் 5. இந்த எண்களைப் பொறுக்கியவர் ரசனைக்காரர்!

கேள்வி: 7 ரூபாய் பென்சிலும் 5 ரூபாய் ரப்பரும் கலந்து மொத்தம் 41 ரூபாய். எத்தனை எத்தனை? ஒரே செய்திதானே இருக்கிறது?

பதில்: இன்னொன்று ஒளிந்திருக்கிறது. அரைப் பென்சில் யாரும் விற்பதில்லை, அதனால் விடை முழு எண். 41லிருந்து ஏழு ஏழாகக் கழித்து வாருங்கள்: 34, 27, 20, 13, 6. ஐந்தால் மீதியின்றி வகுபடுவது 20 மட்டும். 3 பென்சில், 4 ரப்பர்.